குரூஸ் தானாக விட்டுவிடுகிறதா? மாட்யூலை மாற்றும் முன் லீவரைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது பன்னிரண்டு வருடம் ஆன ஆறு சிலிண்டர் டூரிங் பைக். 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆக்சிலேட்டர் கேபிள் வகை. நெடுஞ்சாலையில் 90 கி.மீ. வேகத்தில் குரூஸ் கன்ட்ரோல் (ஆக்சிலேட்டரைத் திருப்பிப் பிடிக்காமலே வேகத்தை நிலையாக வைக்கும் வசதி) போட்டால் ஏற்கிறது. ஐந்து பத்து நிமிடம் ஓடிவிட்டுத் தானாக விட்டுவிடுகிறது. பெரும்பாலும் பாலத்தின் இணைப்பு, சாலை ஒட்டு மாதிரி இடங்களில்தான். குரூஸ் வேகத்தைப் பிடித்திருப்பதைக் காட்டும் ‘செட்’ விளக்கு அணையும். குரூஸின் மெயின் ஸ்விட்ச் போட்டிருப்பதைக் காட்டும் மெயின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பழைய வேகத்துக்குத் திரும்பவைக்கும் ரெஸ்யூம் பட்டனை அழுத்தினால் மறுபடி 90-க்கே போகிறது. ஆறு மாதம் முன்பு பின்விளக்கை எல்.இ.டி.யாக மாற்றினேன். இரண்டு மாதம் முன்பு பிரேக், கிளட்ச் இரண்டுக்கும் குட்டை லீவர் போட்டேன். அதற்குச் சில வாரம் கழித்துத்தான் இந்தத் தொல்லை. மெக்கானிக், குரூஸை இயக்கும் மின்னணுப் பெட்டியான ‘மாட்யூல் போய்விட்டது, மாற்றிவிடலாம்’ என்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மாட்யூல் நன்றாக இருக்கிறது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே இரண்டு சாட்சி இருக்கிறது. மெயின் விளக்கு அணையவில்லை என்பது ஒன்று. ரெஸ்யூம் அழுத்தியதும் பழைய 90 திரும்பி வருவது இன்னொன்று. மாட்யூலுக்குப் போகும் மின்சாரம் ஒரு கணம் அறுந்திருந்தால், அது நினைவில் வைத்திருந்த வேகமும் அழிந்திருக்கும். மெயின் ஸ்விட்சை நீங்களே ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள், அதன்பின் ரெஸ்யூம் எடுபடாது. வேகம் நினைவில் இருக்கிறது என்றால் மாட்யூல் விழிப்பாகத்தான் இருந்திருக்கிறது. யாரோ ‘விடு’ என்றார்கள், அது விட்டது. பழுது பெரும்பாலும் மாட்யூலில் இல்லை. தப்பான நேரத்தில் அந்த ‘விடு’வைச் சொல்வது யார் என்று பிடிப்பதுதான் வேலை.

அப்படிச் சொல்ல அதிகாரம் உள்ளவர்கள் சிலரே. முன் பிரேக் லீவரின் ஸ்விட்ச், பின் பிரேக் பெடலின் ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச், ஆக்சிலேட்டரை மூடும் திசையில் நன்றாக அழுத்தித் திருப்பினால் வேலை செய்யும் ரத்து ஸ்விட்ச், பிறகு கைப்பிடியில் உள்ள குரூஸ் பட்டன்கள். இவை போக மாட்யூல் தானாகவே விடுகிற சந்தர்ப்பங்களும் உண்டு: வேக சிக்னல் அறுந்தால், வண்டியின் வேகம் குறித்த வேகத்தைவிட ரொம்பக் கீழே இறங்கினால், வேகம் ஏறாமல் என்ஜின் சுற்று மட்டும் திடீரென்று எகிறினால். உங்கள் வண்டி குலுங்கும்போது விடுகிறது. குலுக்கலில் அசையக்கூடியது எது? லீவர், பெடல், உங்கள் மணிக்கட்டு, தளர்ந்த கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்). இவற்றிலும் இரண்டு மாதம் முன்பு கை பட்டது லீவரில்தான். ஆகவே அங்கிருந்து தொடங்குவோம்.

முன் பிரேக் மைக்ரோ ஸ்விட்ச்

பிரேக் லீவர் சுழலும் போல்ட்டுக்குப் பக்கத்தில், பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பக்கம் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். ஒரே ஒரு சின்ன ஸ்க்ரூவில் நிற்கும். அதன் பக்கவாட்டில் ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். பல வண்டிகளில், லீவரைத் தொடாமல் விட்டிருக்கும்போது லீவரில் உள்ள நாக்கு அந்தக் குமிழை உள்ளே அமுக்கிப் பிடித்திருக்கும். லீவரை இழுத்தால் நாக்கு விலகும், குமிழ் வெளியே வரும், பிரேக் விளக்கு எரியும். பலர் நினைப்பதற்கு நேர்மாறு இது. லீவரை இழுக்கும்போதுதான் ஸ்விட்ச் அமுங்குகிறது என்று எண்ணித் தேடுபவருக்குக் கோளாறு கண்ணில் படாது.

இனி உங்கள் குட்டை லீவருக்கு வாருங்கள். ஒரிஜினல் லீவரின் நாக்கு குமிழை முழுசாக அமுக்கும். வெளியில் வாங்கும் லீவரில் அந்த நாக்கு அரை மி.மீ. குறைந்திருந்தாலும் போதும், குமிழ் பாதி அமுங்கிய நிலையில் நிற்கும். ‘இப்போது விழவா, அப்புறம் விழவா’ என்ற விளிம்பில். நின்ற இடத்தில் பார்த்தால் பிரேக் விளக்கு எரியாது, எல்லாம் சரி என்றே தோன்றும். 90-ல் போகும்போது சாலை ஒட்டில் முன்சக்கரம் ஒரு தட்டுத் தட்டும், லீவர் மயிரிழை ஆடும், குமிழ் ஒரு கணம் வெளியே வந்து போகும். மாட்யூலுக்கு அது போதும். பிரேக் விஷயத்தில் அது ஒருபோதும் இரண்டாம் யோசனை செய்யாது, செய்யவும் கூடாது.

மாற்றியவுடனே வராமல் சில வாரம் கழித்து வந்தது ஏன் என்று கேட்பீர்கள். புது லீவர் சுழலும் இடத்தில் புஷ் என்ற உள்வளையம் கொஞ்சம் தேய்ந்து மேலும் கீழுமாக ஆட்டம் கூடியிருக்கலாம். அல்லது தூசியும் ஈரமும் சேர்ந்து குமிழ் பழைய சுறுசுறுப்பில் நகராமல் இருக்கலாம். தூரத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் உள்ள லீவர்களில் இன்னொரு வம்பு உண்டு. நாக்கு அசையாத உட்பகுதியில் இருந்தால் பிரச்சினை இல்லை. மலிவான சில லீவர்களில் நாக்கு விரல் படும் வெளிப்பகுதியிலேயே இருக்கும். சக்கரத்தை ஓர் எண் திருப்பினாலே குமிழின் நிலையும் மாறிவிடும். இடையில் நீங்கள் அந்தச் சக்கரத்தைத் திருப்பினீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இதைச் சோதிக்க மீட்டர்கூட வேண்டாம். இருட்டிய பிறகு வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில், பின்விளக்கு சுவரைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். சாவியைப் போடுங்கள்; என்ஜின் வேண்டாம். செல்போனில் ஸ்லோ மோஷன் வீடியோவைச் சுவரை நோக்கி ஓடவிடுங்கள். பிரேக் லீவரை இழுக்காமல், அதன் நுனியை விரலால் மேலே, கீழே, முன்னால் தட்டுங்கள். ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். பிறகு வண்டியை இறக்கி, பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலை அழுத்தி முன் ஃபோர்க்கை நாலைந்து முறை குதிக்கவிடுங்கள். வீடியோவில் சுவர் ஒரு கணம் கூடுதலாகச் சிவந்தாலும் ஆள் அகப்பட்டான்.

நீங்கள் போட்ட எல்.இ.டி. இங்கே கைகொடுக்கும். பழைய இழை பல்பு சூடாகி ஒளிவிடவே ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். அதற்குள் ஸ்விட்ச் மூடித் திறந்துவிட்டால் பல்பு மினுங்கவே மினுங்காது. குரூஸ் மட்டும் விட்டிருக்கும். இழை பல்பு போட்ட வண்டியில் ‘பிரேக் விளக்கு எரியவே இல்லையே’ என்று ஸ்விட்சைக் குற்றமற்றவன் ஆக்கிவிடுவது இதனால்தான். எல்.இ.டி. உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

சுவர் கூடுதலாகச் சிவக்கவில்லை என்றாலும் முன் பிரேக்கை இன்னும் விட்டுவிட வேண்டாம். நின்ற வண்டியில் நீங்கள் கொடுக்கும் குலுக்கல் வேறு, 90-ல் சாலை கொடுக்கும் குலுக்கல் வேறு. எளிய, உறுதியான சோதனை ஒன்றுதான்: பழைய லீவரைத் திரும்பப் போட்டு, அதே சாலையில், அதே பாலங்களில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதலில் பிரேக் பக்கம் மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் தொல்லை போய்விடும், ஆனால் எந்தப் பக்கத்தால் வந்தது என்று தெரியாமலே போகும். லீவர் போல்ட்டையும் சுழலும் துளையையும் துடைத்து, சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். போல்ட்டை முறுக்கியதும் லீவர் தானாகத் தெறித்துத் திரும்ப வேண்டும். சோம்பலாக வந்தால் போல்ட்டை அதிகம் இறுக்கிவிட்டீர்கள்.

பழைய லீவரில் குரூஸ் ஒழுங்காக நின்றால் குட்டை லீவரை வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. நாக்கின் முகத்தில் அரை மி.மீ. பித்தளைத் தகட்டை எப்பாக்ஸி வைத்து ஒட்டலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. தகடு குமிழைத் தொடும் இடத்தில்தான் இருக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும் முனையில் எதையும் ஒட்டிவிடாதீர்கள். லீவர் ஓய்வில் இருக்கும்போது அந்த முனைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சின்ன இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அது இல்லாமல் பிஸ்டன் கொஞ்சம் உள்ளே தள்ளப்பட்டே இருந்தால், பிரேக் ஆயில் அதன் டேங்குக்குத் திரும்பும் சின்னத் துளை அடைபடும். ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், போக வழி இருக்காது, பிரேக் தானாகக் கவ்வத் தொடங்கும். முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்கும் போகும். தகடு ஒட்டிய பின் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுற்றுங்கள். பத்து கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி தூக்கிச் சுற்றுங்கள். இரண்டு முறையும் ஒரே மாதிரி லேசாகச் சுற்ற வேண்டும். இதில் துளி சந்தேகம் இருந்தாலும் ஒட்டு வேலை வேண்டாம், ஒரிஜினல் லீவரோடு இருந்துவிடுங்கள்.

ஸ்விட்சே தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டர் வேண்டும். கப்ளரைக் கழற்றி, ஸ்விட்சின் இரண்டு முனையில் ஓம் அளவில் வையுங்கள். மூடிய நிலையில் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும், திறந்த நிலையில் தொடர்பே இருக்கக் கூடாது. குமிழை மெதுவாக அமுக்கி விடும்போது எண் தள்ளாடாமல் ‘உண்டு, இல்லை’ என்று சட்டென மாற வேண்டும். இடையில் 5, 20, 80 என்று தடுமாறினால் உள்ளே தொடுமுனை கரிந்திருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சில மாதம் ஓடும். புது ஸ்விட்ச் மலிவான பாகம், மாற்றிவிடுவதே மேல். சில வண்டிகளில் பிரேக் விளக்குக்கு ஒரு ஜோடி, குரூஸுக்குத் தனியாக ஒரு ஜோடி என்று ஒரே ஸ்விட்சில் நாலு ஒயர் வரும். அப்படி இருந்தால் இரண்டு ஜோடியையும் அளக்க வேண்டும். விளக்கு ஜோடி நன்றாக இருந்து குரூஸ் ஜோடி மட்டும் கெட்டிருப்பதும் உண்டு. அந்த வகையில் மேலே சொன்ன சுவர்ச் சோதனை எதையும் காட்டாது.

கிளட்ச் பக்கம்

இங்கும் குட்டை லீவர் என்பதால் அதே சந்தேகம்தான். ஆனால் கிளட்ச் ஸ்விட்சுக்கு விளக்கு கிடையாது, வேறு விதமாகக் கேட்க வேண்டும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரம் தரையைத் தொடாமல், பக்கத்தில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சைடு ஸ்டாண்டை மடக்கி, முதல் கியரில் போடுங்கள். கிளட்சைத் தொடாமல் ஸ்டார்ட்டர் பட்டனைத் தட்டுங்கள்: மோட்டார் சுற்றக் கூடாது. கிளட்சை முழுதாக இழுத்துத் தட்டுங்கள்: சுற்ற வேண்டும். தொடாமலேயே சுற்றினால் ஸ்விட்ச் எப்போதும் ‘கிளட்ச் இழுத்திருக்கிறது’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் குரூஸ் செட்டே ஆகாது. உங்கள் விஷயத்தில் செட் ஆகிறது, ஆகவே அந்த அளவுக்குப் போகவில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது விளிம்பு நிலையை. கப்ளரில் மீட்டரை வைத்துக்கொண்டு லீவர் நுனியைத் தட்டுங்கள். எண் துள்ளுகிறதா என்று பாருங்கள்.

கேபிள் கிளட்ச் என்றால் லீவர் நுனியில் 10 முதல் 15 மி.மீ. வரை பிளே (கேபிளை இழுக்காமல் சும்மா அசையும் தளர்வு) இருக்கிறதா என்று பாருங்கள். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். பிளே அதற்குமேல் போனால் லீவர் தொளதொளவென்று தொங்கி ஆடும், ஸ்விட்சும் அதோடு ஆடும். பிளேயே இல்லாமல் இறுகியிருந்தால் கிளட்ச் பிளேட் வழுக்கும். வழுக்கலும் குரூஸுக்கு எதிரிதான்: சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் மாட்யூல் கிளட்ச் இழுத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு விட்டுவிடும். ஆனால் அது மேட்டில் ஏறும்போது வரும், பாலத்து ஒட்டில் வராது. மேட்டில் குரூஸ் விடுகிறது என்று எழுதுபவர்கள் முதலில் என்ஜின் ஆயிலைப் பாருங்கள். காருக்கான, உராய்வு குறைக்கும் ஆயிலை ஊற்றியிருந்தால், என்ஜின் ஆயிலிலேயே நனைந்து இயங்கும் ஈரக் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்ற தரக்குறி இருக்க வேண்டும்.

உங்கள் மணிக்கட்டு

இதை யாரும் சந்தேகிப்பதில்லை. கேபிள் ஆக்சிலேட்டர் உள்ள வண்டியில், குரூஸ் ஓடும்போது கைப்பிடியை மூடும் திசையில் அழுத்தித் திருப்பினால் ரத்தாகும்படி ஒரு ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். நீண்ட பயணத்தில் உள்ளங்கையின் பாரம் முழுவதும் கைப்பிடியில் கிடக்கும். சாலை தூக்கிப்போடும்போது மணிக்கட்டு சரிந்து, கைப்பிடி அறியாமல் மூடும் பக்கம் தள்ளப்படும். குரூஸ் விடும், ஓட்டுபவர் ‘தானாக விட்டது’ என்பார்.

சோதனை எளிது. அதே பாலங்களில், வலது கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்காமல், ஆனால் பாரம் போடாமல், விரல்களை லேசாகச் சுற்றிப் பிடித்து ஓட்டுங்கள். அப்போது விடவில்லை என்றால் காரணம் இங்கேதான். கைப்பிடி விளிம்பில் 2 முதல் 4 மி.மீ. பிளே இருக்கிறதா என்று அளந்து கேபிளைச் சரிசெய்யுங்கள். ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்பி ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். நேராக இருக்கும்போது சரியாக இருந்து, திருப்பினால் இறுகும் கேபிள் அபாயம். தடித்த நுரை உறை, கைப்பிடி சூடாக்கும் சாதனம், ஹேண்டில் கோடியில் உள்ள எடைக்கட்டி ஏதாவது கைப்பிடியில் உரசுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கைப்பிடியை முழுதாகத் திறந்து விட்டால் ‘டக்’ என்று தானாக மூட வேண்டும்.

பின் பெடல்

இதை நாலாவதாக வைப்பது உங்கள் லீவர் கதையால்தான். அது இல்லையென்றால் பின் பெடலுக்கே முதலிடம். மழைநீரும் சேறும் நேராகத் தெறிக்கும் இடம் அது. பெடல் சுழலும் அச்சு காய்ந்து துரு ஏறினால் பெடல் முழுதாக மேலே வராது. கால் எடுத்த பிறகும் ஸ்விட்சின் ஸ்பிரிங்கை லேசாக இழுத்தபடி நிற்கும். கையால் பெடலை மேலே தூக்கிப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் எழும்பினால் அச்சைக் கழற்றி, துருவைத் துடைத்து, கிரீஸ் போட்டு மாட்டுங்கள். பழைய வகை ஸ்பிரிங் ஸ்விட்சுக்குச் சுற்றிலும் ஒரு பெரிய பிளாஸ்டிக் நட் இருக்கும். சரிசெய்யும்போது ஸ்விட்சின் உடலைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். உடலைத் திருப்பினால் உள்ளே ஒயர் முறுக்கிக்கொண்டு அறுந்துபோகும். பெடல் கொஞ்சம் இறங்கியதும், பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன், விளக்கு எரிய வேண்டும். அதற்கு முன்பே எரியும்படி வைத்துவிட்டால் பூட்ஸ் நுனி பெடலில் சாய்ந்தாலே குரூஸ் போய்விடும்.

ஓடும்போதே பிடிக்க ஒரு விளக்கு

மேலே சொன்ன எதிலும் ஆள் சிக்கவில்லை என்றால், ஊகத்தை நிறுத்திவிட்டு வண்டியையே கேளுங்கள். 12 வோல்ட்டுக்கான சின்ன எல்.இ.டி. இண்டிகேட்டர் ஒன்று போதும். அதன் பாசிட்டிவ் ஒயரை 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகப் பிரேக் விளக்கு ஒயரில் இணையுங்கள், மற்றதை எர்த்தில் கொடுங்கள். எல்.இ.டி.யை மீட்டர் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொள்ளுங்கள். அதைப் பார்ப்பது அவர் வேலை, சாலையைப் பார்ப்பது உங்கள் வேலை. ஆள் இல்லையென்றால் மீட்டரை நோக்கி ஒரு கேமராவைக் கட்டிவிடலாம். ‘செட்’ விளக்கு அணையும் அந்தக் கணத்தில் இது மினுங்கினால் பிரேக் ஸ்விட்ச் இரண்டில் ஒன்று. மினுங்காவிட்டால் கிளட்ச், ஆக்சிலேட்டர் பக்கம் போகலாம். குரூஸுக்குத் தனி ஜோடி ஒயர் உள்ள ஸ்விட்ச் என்றால் எல்.இ.டி.யை அந்த ஒயரில் இணைக்க வேண்டும். அங்கே நடப்பு தலைகீழாக, எரிந்துகொண்டிருப்பது அணைவதாகவும் இருக்கலாம்.

இந்த வேலையில் செய்யவே கூடாத ஒன்று: சந்தேகப்படும் ஸ்விட்சை ஒயர் போட்டு ‘ஷார்ட்’ செய்துவிட்டுச் சாலையில் ஓட்டுவது. பிரேக் பிடித்தும் விடாத குரூஸ் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

லீவர், பெடல், கைப்பிடி மூன்றும் சுத்தம் என்று தெரிந்த பிறகே ஒயரிங். ஹேண்டில் கழுத்தில் வளையும் ஒயர்க்கட்டு, மாட்யூல் கப்ளரில் பச்சை பூத்த பின்கள், தளர்ந்த எர்த். எர்த்தை ஓம் வைத்து அளந்தால் ஏமாற்றும். என்ஜின் ஓடும்போது மாட்யூலின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் அளவு பாருங்கள், 0.2-க்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. 4,000 சுற்றில் பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். ஸ்பீடோ முள் துள்ளுகிறதா, ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறதா என்றும் கவனியுங்கள். டயர் மாற்றிய கையோடு குரூஸ் கெட்டால் முதலில் பார்க்க வேண்டியது சக்கர சென்சாரையும் அதன் ஒயரையும்தான். இவ்வளவுக்கும் பிறகு, அதே மாடல் வண்டியிலிருந்து ஒரு மாட்யூலைக் கடன் வாங்கி மாட்டிப் பார்த்து, தொல்லை போனால் மட்டும் புதிது வாங்குங்கள்.

எல்.இ.டி.யை ஏன் விட்டேன்

பழைய, தனியாக வாங்கிப் பொருத்தும் குரூஸ் கருவிகள் சிலவற்றில் மாட்யூல் பிரேக் விளக்கு ஒயரின் வழியாகவே எர்த்தைத் தேடும். பிரேக் பிடிக்காதபோது பல்பின் இழை எர்த்துக்கு ஒரு பாதை. ‘எர்த் கிடைக்கிறது, ஆகவே பிரேக் பிடிக்கவில்லை’ என்பது அதன் கணக்கு. இழை பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டால் அந்தப் பாதை அறுந்துவிடும். பிரேக் ஒயரில் 12 வோல்ட் வந்தால் இயங்கும்படி ஐந்து கால் ரிலே ஒன்றைப் போட்டு, அது ஓய்வில் இருக்கும்போது தொட்டிருக்கும் காலின் வழியாக மாட்யூலுக்கு எர்த் கொடுத்தால் சரியாகிவிடும். பிரேக் பிடித்ததும் ரிலே அந்த எர்த்தை அறுத்துவிடும். ஆனால் இந்தக் கோளாறு வந்தால் மாற்றிய அன்றே குரூஸ் செட் ஆகாது. ஐந்து பத்து நிமிடம் ஓடிவிட்டு விடாது. உங்களுக்கு எல்.இ.டி. போட்ட பிறகு நாலு மாதம் நன்றாக ஓடியிருக்கிறது. அதனால்தான் விட்டேன்.

வேறு வகை வண்டிக்காரர்களுக்கு

இதே தொல்லையோடு வேறு வகை வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு வார்த்தை. குரூஸ் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஹோண்டா கோல்ட்விங் 1500 மாதிரிப் பழைய வண்டிகளில் என்ஜினின் உறிஞ்சு விசையான வேக்குவம்தான் ஆக்சிலேட்டரை இழுக்கும். கோல்ட்விங் 1800-ல் 2017 வரை மின்மோட்டார் கேபிளை இழுத்தது; 2018 மாடலில் கேபிளே போய், ஆக்சிலேட்டர் மின்னணுவுக்கு மாறியது. ஹார்லி டூரிங் வண்டிகள் 2008-லேயே மாறிவிட்டன. யமஹா எஃப்.ஜே.ஆர். 1300-க்கு 2013 மாடலில் மின்னணு ஆக்சிலேட்டரோடு சேர்ந்தே குரூஸ் வந்தது.

வேக்குவம் வகையில் மேட்டில் வேகம் சரிந்தால், வேகம் ஏறி இறங்கி ஊஞ்சலாடினால், ரப்பர் குழாய்களைப் பாருங்கள். கையால் இயக்கும் வேக்குவம் பம்பை வைத்து 15 அங்குல மெர்க்குரி அளவுக்கு இழுத்து ஒரு நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது: வெடித்த குழாய், ஒருவழி வால்வு, டயாஃப்ரம். மோட்டாரும் கேபிளும் உள்ள வகையில் 90-ல் செட் செய்தால் 86-க்கு இறங்கி நின்றுவிடுகிறது என்றால் குரூஸ் கேபிளில் தளர்வு அதிகம். மின்னணு வகையில் மல்டிமீட்டரைத் தூக்குமுன் பிழைக் குறியீட்டைப் படியுங்கள். என்ஜின் விளக்கோ ஏ.பி.எஸ். விளக்கோ எரிந்தால் பெரும்பாலான வண்டிகள் குரூஸையே தரமாட்டா. பல வண்டிகளில் குறைந்தது 40, 50 கி.மீ. வேகமும், குறிப்பிட்ட கியருக்கு மேலும் இருந்தால்தான் செட் ஆகும் என்பதையும் மறக்க வேண்டாம்; ‘செட் ஆகவில்லை’ என்ற புகாரில் சில இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

வேலை முடிந்த பிறகு

எதைச் சரிசெய்தாலும், ஆள் நடமாட்டம் இல்லாத, உலர்ந்த, நேரான சாலையில் 60-ல் செட் செய்து ஒவ்வொரு ரத்தையும் தனித்தனியாகச் சோதியுங்கள். முன் பிரேக் லீவரை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள், விட வேண்டும். மறுபடி செட். பின் பெடல். மறுபடி செட். கிளட்ச். மறுபடி செட். ஆக்சிலேட்டரைப் பின்னுக்குத் திருப்புதல். கடைசியாக மெயின் ஸ்விட்ச். எதிலாவது விடத் தாமதித்தாலும் அன்றைக்குக் குரூஸைத் தொடாதீர்கள். ஆக்சிலேட்டர் திறந்தபடி சிக்கிக்கொண்டால் கிளட்சை இழுத்துக் கில் ஸ்விட்சைத் தட்ட வேண்டும். கிளம்பும் முன்பே அது எங்கே இருக்கிறது என்று வலது கட்டைவிரல் பார்க்காமல் கண்டுபிடிக்கிறதா எனப் பழகிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்து, பழைய லீவர் இரண்டும் போட்டு, இன்னும் பாலத்தில் விடுகிறது என்றால் மறுபடி எழுதுங்கள். அப்போது மூன்று விவரம் வேண்டும்: டெஸ்ட் எல்.இ.டி. அந்தக் கணத்தில் மினுங்கியதா, கையில் பாரம் போடாதபோதும் விடுகிறதா, ரெஸ்யூம் இன்னும் பழைய வேகத்தைக் கொண்டுவருகிறதா.